ஊக்கு குத்திய காக்கிச் சட்டை

தெருவில் அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பொத்தான் நுழைவதற்கு ஓட்டை வெட்டி, அதன் ஓரத்தை நூலால் இழுத்துக் கட்டுகிறார்களே, அதற்குத்தான் காஜா என்று பெயர். கல்யாணத்துக்கு முன்பு துணிக் கம்பெனியில் அந்த வேலை. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அதே வேலை. மெஷின் காஜா வந்த பிறகும், நல்ல கோட்டு, நல்ல சட்டை என்றால் சுற்றுவட்டாரத் தையல்காரர்கள் அவளிடம்தான் கொடுத்தனுப்பினார்கள். கையிலும் ஊசி, வாயிலும் ஊசி என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

யாரிடமும் அவள் உதவி கேட்டதில்லை. பிரசவ வலி எடுத்தபோதுகூடப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல், தானே பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவள். தன் கையே தனக்கு உதவி என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, அவளுக்கு அது சட்டம். யாராவது தானாக உதவ வந்துவிட்டால் இன்னும் மோசம். "ஆதாயமில்லாம ஒருத்தன் ஆத்தோட போவானா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவாள். வந்தவர் அதற்குப் பிறகு அந்த வாசல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

புருஷன் பஸ் கண்டக்டர். வாய்க்கு வாய் 'ரைட்டு' என்று சொல்லிச் சொல்லி, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. மகள் தன் மனசுக்குப் பிடித்த பையனைப் பற்றி மென்று விழுங்கிச் சொல்லி முடித்தபோது காஜாக்கா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார், "ரைட்டு" என்றார். கல்யாணம் நடந்துவிட்டது. ஒரே ஒரு விஷயத்தில்தான் மனுஷன் பிடிவாதம். காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போடாமல் வாசலைத் தாண்ட மாட்டார். கொளுத்துகிற வெயிலிலும் கழற்ற மாட்டார். பொத்தான் போடாத கண்டக்டரை எவன் மதிப்பான் என்பார்.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு மறக்க ஆரம்பித்தார். முதலில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறந்தது. அதற்கென்ன, எல்லாருக்கும் மறக்கிறதுதான். அப்புறம் குளித்தோமா சாப்பிட்டோமா என்பது மறந்தது. ஒருநாள் சொந்தத் தெருமுனையில் நின்றுகொண்டு, வீட்டுக்கு எப்படிப் போவது என்று ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது என்றும் சொன்னார்.

"அப்ப பிரேக் இல்லாத வண்டின்னு சொல்றீங்க" என்றாள் காஜாக்கா.

தூர ஊரில் இருக்கிற மகள் போனில் அழுதாள். "நீ ஒருத்தியா எப்படிம்மா பார்ப்பே? இங்க பக்கத்துல நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு, சேர்த்துடலாம்."

"என்னை அவருக்குத் தெரியுற வரைக்கும் அவரு என்கிட்டதான் இருப்பாரு. என்னையே யாருன்னு கேட்டா, அன்னிக்கு நீ சொல்றதைக் கேட்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதே."

சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை என்று மகளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்து, சுற்றி வளைத்துக் கடைசியில் அந்த ஒரு கேள்விக்குத்தான் வருவாள். "அப்பாவுக்கு உன்னைத் தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன? காலைல கூட என்கிட்ட திட்டு வாங்கினாரே."

அது உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் காலை நேரம்தான் பெரும்பாடு. விடிந்ததும் எழுந்து குளித்து, பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். ரிட்டயர் ஆகிவிட்டது என்று சொன்னால் கேலி செய்கிறாள் என்று நினைப்பார். கதவைப் பூட்டினால் இடிப்பார். "வண்டி நிக்குது, ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று வயசான மனுஷன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுவதை எத்தனை நாள்தான் பார்ப்பது? சட்டையை ஒளித்து வைத்தால் வீட்டையே தலைகீழாகப் புரட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வேறு எந்த வீட்டுப் பெண்ணுக்கும் வந்திருக்காது. அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது காக்கிச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, என்றோ தன் கையாலேயே கட்டிய காஜாக்களை ஒன்றுவிடாமல் அதே நிற நூலால் தைத்து மூடிவிட்டாள். பொத்தான் போடாமல் வாசலைத் தாண்டாத மனுஷன்தானே. பூட்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று அவர் பொத்தானை ஓட்டை இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார். நகர்த்தி அழுத்தினார். கட்டைவிரல் சிவந்துவிட்டது.

"இங்க ஓட்டை இருந்துச்சே. எங்க போச்சு?" என்று அவளிடமே கேட்டார். "நீதானே கட்டுவே, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் வைக்கவே இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது.

செருப்புப் போடாமல் ஓடினாள். சந்தை, பள்ளிக்கூட மதில், லாரி நிற்கிற இடம் என்று ஒன்றையும் விடவில்லை. அந்த நிலைமையிலும் ஒருவரிடம்கூட, என் புருஷனைப் பார்த்தீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் உதவி கேட்ட மாதிரி ஆகிவிடுமே! அப்படி ஒரு வீம்பு. திரும்பி வந்து தெருமுனையில் நின்றபோது, எந்த நிறுத்தமும் இல்லாத அந்த இடத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. இளவயசுக் கண்டக்டர் பெண் ஒருத்தி இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"சீனியர் டூட்டி முடிச்சிட்டாரும்மா" என்றாள் அந்தப் பெண்.

பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. "என்னம்மா, வேடிக்கை காட்டுறீங்களா? புத்தி சரியில்லாத மனுசனை ஏத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்தி, பஸ்ஸே சிரிச்சுதா? நல்லா பொழுது போச்சா?" என்று நடுரோட்டில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "டிரைவர் அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இவர் கூடத்தான் ஓட்டினாராம். பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டாரு. நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவோம்மா. ஹாரன் அடிக்கிறோம். அனுப்பினா ஏத்திக்கிறோம். இல்லேன்னா போயிடுறோம்." அவ்வளவுதான். டிரைவர் தலையை நீட்டி ஒரு கும்பிடு போட்டார். பஸ் போய்விட்டது.

வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றப் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். தெருமுனையில் கத்திய கத்தலில் கண்ணில் படவில்லை. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், தைத்து மூடிய ஒவ்வொரு காஜாவின் பக்கத்திலும் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று வளையலில் மாட்டி மாட்டி வளைந்துபோனது. ஒன்று துருப்பிடித்தது. ஒன்று கைக்குழந்தைத் துணிக்குக் குத்துகிற, தலையில் மூடி போட்ட ஊக்கு. கழுத்தில் இருந்தது மட்டும் புதுசாகப் பளபளத்தது. யாரோ ஒருத்தி கைப்பையைத் துழாவி எடுத்திருக்கிறாள். இன்னொருத்தி வளையலிலிருந்து உருவிக் கொடுத்திருக்கிறாள். சட்டை திறந்து, பனியன் தெரிய வந்து ஏறிய கிழவனைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. உடம்பில் முனை படாதபடி ஒவ்வொன்றையும் வெளிப்பக்கமாகத் திருப்பிக் குத்தியிருக்கிறார்கள்.

கட்டின பெண்டாட்டி மூடித் தைத்ததை, முன்பின் தெரியாதவர்கள் ஊக்கு குத்திப் பூட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். காஜாக்கா தரையில் உட்கார்ந்து சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் வந்து நின்று, "என்னாச்சு? சட்டை கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

அன்றைக்கே காஜாக்களை மூடித் தைத்ததையெல்லாம் பிரித்துவிட்டாள். மறுநாள் ஹாரன் அடித்தபோது அவரே கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றார். ஊக்குகளை ஒரு காகிதத்தில் வரிசையாகக் குத்திக் கண்டக்டர் பெண்ணிடம் நீட்டினாள்.

"யார் யாருதுன்னு தெரியல. கொடுத்துடு."

"வெச்சுக்கோங்கம்மா, யாரும் கேட்கப்போறதில்ல."

"எனக்கு எதுக்கு? அவருக்குப் பொத்தான் இருக்கு" என்றாள். ரொம்ப நன்றிம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது இதுதான். பிறவிக்குணத்தைப் பொங்கலிட்டுத்தான் போக்க முடியுமா என்ன? அந்தப் பெண்ணுக்கு அது புரிந்துவிட்டது போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் போக ஒரு நடை, வர ஒரு நடை என்று அவருக்கு டூட்டி. கண்டக்டர் பெண் ஒரு பழைய டிக்கெட் கட்டைக் கொடுத்திருந்தாள். அவளிடம் மெஷின் டிக்கெட் வாங்கியவர்கள் அவரிடமும் கையை நீட்டி ஒன்று வாங்கிக்கொள்வார்களாம். ஒருநாள் செக்கர் ஏறியிருக்கிறார். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் நேராக இவரிடம் போய், "எல்லாம் சரியா இருக்கா, சீனியர்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாராம். இதையெல்லாம் தெருமுனையில் பஸ் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில் கண்டக்டர் பெண் சொல்வாள். காஜாக்கா "ம்" என்று கேட்டுக்கொள்வாள்.

அவர் இல்லாத அந்த நேரத்தில் வேலையைப் பார்த்து முடிக்கலாம் என்று முதல்நாள் ஊசியில் நூலைக் கோத்தவள், அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். எத்தனை மாசத்துக்கு அப்புறம் வந்த தூக்கம் அது!

பட்ட காலிலே படும் என்பார்கள். மழைக்காலம் ஆரம்பித்த சமயம், ஒரு சாயங்காலம் அவள் சட்டை ஒன்றுக்குக் காஜா கட்டிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? இங்க உக்காந்து வேலை பார்க்கிறீங்க?"

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை, மரியாதைதான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரி வந்தா கோவிப்பா. இது அவ உக்கார்ற இடம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவ வாய் கொஞ்சம் பொல்லாதது. தப்பா நினைக்காதீங்க."

"நான்தாங்க அது" என்றாள்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். பைத்தியக்காரியிடம் மாட்டிக்கொண்டவர் சிரிக்கிற மாதிரி இருந்தது அது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டபோது, "தெரியுதுடி" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். மகளிடம் ஒருநாளும் பொய் சொல்லாதவளுக்கு அந்த ஒரு சொல் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. கொடுத்த வாக்குப்படி அவரை அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு இந்த வீட்டில் யாருக்கு இருப்பது? ஒரே ஒரு தடவை அவர் தன்னைப் பார்த்து, நீயா என்று சொல்லிவிட்டால் போதும். பொய் பொய்யில்லை என்று ஆகிவிடும். அதற்காக என்னென்னவோ செய்து பார்த்தாள். கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டினாள். வேண்டுமென்றே சண்டை பிடித்தாள். எதுவும் பலிக்கவில்லை.

அவரை அவள் முதன்முதலில் பார்த்ததே பஸ்ஸில்தான். துணிக் கம்பெனிக்குப் போகிற பெண் அவள். வீட்டில் எல்லாம் மறந்த மனுஷனுக்கு பஸ்ஸில் ஒரு நிறுத்தம்கூட மறக்கவில்லை என்று கண்டக்டர் பெண் சொன்னது அவள் மனசில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் வைத்துப் பார்த்தால் அவருக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு காலை அவள் தலையைப் படிய வாரி, நல்லதாக ஒரு புடவை கட்டிக்கொண்டாள். இந்த வயசில் புருஷனைப் பார்க்க அலங்காரமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் ஏறிய பிறகு பின்னாலேயே அவளும் ஏறினாள். கண்டக்டர் பெண் ஆச்சரியத்தோடு கை கொடுத்து ஏற்றிவிட்டாள்.

உள்ளே கூட்டம். நிற்கவே இடமில்லை. சிமெண்டு ஒட்டிய காலோடு ஒரு கொத்தனார், இரவு வேலை முடிந்து கம்பியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஒரு நர்ஸ், கனத்த பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு காய்கறிக்காரி. இத்தனை பேர் நிற்கும்போது கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலோர இடம் மட்டும் காலியாக இருந்தது. அதில் அவருடைய தோல்பை உட்கார்ந்திருந்தது. காஜாக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ்ஸில் பேச்சு நின்றுபோனது.

அவர் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார். அவளை நேராகப் பார்த்தார். அவள் மூச்சுவிடாமல் காத்திருந்தாள்.

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. அது ஆள் வர்ற சீட்டு."

"யாரு வர்றாங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரி. தண்ணித்தொட்டி ஸ்டாப்புல ஏறுவா. பகல் முழுக்கக் குனிஞ்சு ஊசி பிடிக்கிற பொண்ணு. நின்னுக்கிட்டு வேற போனா இடுப்பு விட்டுப்போயிடும். அதான் தினமும் பிடிச்சு வைக்கிறேன். கேட்டா ஒத்துக்க மாட்டா, ரோசக்காரி. சும்மா காலியா இருந்துச்சுன்னு சொல்லிடுவேன்."

அப்படித்தான் சொன்னார் அந்தக் காலத்தில். தினமும் தண்ணித்தொட்டியில் அவள் ஏறும்போது கதவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கும். நம் அதிர்ஷ்டம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது தான் பிடித்து வைத்த இடம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அவள் எழுந்து பையை இருந்த இடத்திலேயே வைத்தாள். கண்டக்டர் பெண் பதறிப்போய், "சீனியர், இவங்கதான்..." என்று ஆரம்பித்தாள். காஜாக்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நர்ஸ் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள். காய்கறிக்காரி மூக்கை உறிஞ்சினாள். இவர்கள் எல்லோரும் தினமும் கால்கடுக்க நின்றுகொண்டு, ஒரு கிழவனின் பெண்டாட்டிக்காக அந்த இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை.

"தம்பி, எழுந்திரு. வயசானவங்க நிக்கிறாங்க" என்று அவர் ஒரு இளைஞனை எழுப்பி, அந்தக் காலி இடத்துக்குப் பின்வரிசையில் அவளை உட்கார வைத்தார்.

தண்ணித்தொட்டி நிறுத்தம் வந்தது. ஏறுகிறவர்கள் ஏறி முடிந்த பிறகும் பஸ் நகரவில்லை. டிரைவர் இன்ஜினை ஓடவிட்டபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புருஷன் படியில் இறங்கி நின்று, தெருவின் இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பஸ்ஸில் ஒருவரும் நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை.

"இன்னிக்கும் காணோம்" என்று திரும்பினார். எதிரில் இருந்தவள் அவள்தான். "உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

"நல்லாத்தான் இருக்காங்க. வேலை ஜாஸ்தியா இருக்கும். நாளைக்கு வருவாங்க" என்றாள் காஜாக்கா.

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார். "என் மேல கோவமா இருக்காளா?"

"இல்லீங்க. உங்க மேல அவங்களுக்குக் கோவமே கிடையாது."

"ரைட்டு" என்று பெருமூச்சு விட்டார். பஸ் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் வந்தாள். காஜாக்காவால் இந்த முறை பொய் சொல்ல முடியவில்லை.

"என் முகம் அவருக்குத் தெரியலடி. ரொம்ப நாளாச்சு. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

மகள் மெதுவாக, "நீயே சொன்னதுதானேம்மா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"பஸ்ஸுல எனக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்காருடி. தினமும் பிடிக்கிறாரு. அவ்வளவு ஜனமும் நின்னுக்கிட்டு வருது, ஒருத்தரும் அதுல உக்காரல. நான் ஏறுவேன், ஏறுவேன்னு பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. அந்த மனுசனை எங்கடி கொண்டு போய் விடச் சொல்றே?"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். அம்மா அழுது கேட்டறியாத மகள் அந்தப் பக்கம் திகைத்துப்போய், அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அழுகைச் சத்தம் கேட்டு அவர் உள்ளேயிருந்து வந்தார். நின்று பார்த்தார். திரும்பிப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, தளும்பத் தளும்ப அவள் முன்னால் நீட்டினார்.

"அழாதீங்கம்மா. எங்க வீட்டுக்காரி இப்ப வந்துடுவா. வாய்தான் அப்படி. அழறவங்களை அப்படியே விட்டுட்டுப் போற மனசு அவளுக்குக் கிடையாது."

காஜாக்கா இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.